சுண்ணாம்பு ஏரியைத் தூய்மையாக்குமா?

தற்காலிகக் கடினநீரில் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் கார்பனேட் வெண்மையாக வீழ்படியும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இதே வினையை ஏரிகளில் நிகழ்த்திப் பார்த்தனர். ஃபிகர் எயிட் என்னும் ஏரியில் நடந்த சோதனையின் முடிவுகள் 1990-இல் வெளியாயின.

இதன் நோக்கம் என்ன? பாஸ்பரஸ் மிகுந்த ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகும். சில வகைப் பாசியின் நஞ்சு, அந்நீரைக் குடிக்கும் கால்நடைகளைக் கொல்லவும் கூடும். வீழ்படியும் கார்பனேட் துகள்கள் பாஸ்பேட்டைத் தம் பரப்பில் ஈர்த்துக்கொண்டு அடியில் படிகின்றன. பாசிக்கு உணவு குறைகிறது. மயில்துத்தம் தூவினால் ஏரியில் செம்பு சேரும். இம்முறையில் அந்தக் கேடு இல்லை. இதுவரை பாராட்டத்தக்கதே.

ஆனால், 'பாஸ்பரஸ் நீங்கிவிட்டது' என்பதை ஏற்பதற்கில்லை. பொருள் அழியாது என்பது நாம் அறிந்த விதி. பாஸ்பரஸ் ஏரியை விட்டுப் போகவில்லை. நீரிலிருந்து சேற்றுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. சேற்றில் மட்கும் பொருள்களிலிருந்து கரியமில வாயு உண்டாகிறது. அது கார்பனேட்டைக் கரைக்க, சிறைப்பட்ட பாஸ்பேட்டும் விடுதலை பெறும். அதற்காகச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டவும் முடியாது. காரத்தன்மை மிகுந்தால் மீன்கள் மடியும்.

எனவே சுண்ணாம்பு நோயைத் தணிக்கும் மருந்தே தவிர, நோயின் வேரைக் களைவதன்று. வயல் உரமும் சாக்கடையும் ஏரியில் கலப்பதைத் தடுக்காவிட்டால் மருந்தை மீண்டும் மீண்டும் இட வேண்டியதுதான்.

ஓர் ஏரி தூய்மையாகிவிட்டது என்று இனி எங்கேனும் படித்தால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இருந்த பாஸ்பரஸ் எங்கே போயிற்று? புதிதாக வருவது நின்றதா?