தீவு பார்த்தவர்களும் தீவில் இருப்பவர்களும்

தமிழில் பயணக் கட்டுரை என்றால் அதற்கு ஓர் அச்சு இருக்கிறது. விமானம் ஏறியது, குளிரில் நடுங்கியது, சைவச் சாப்பாட்டுக்கு அலைந்தது, கடைசியில் ‘என்ன ஒரு சுத்தம், என்ன ஒரு ஒழுங்கு’ என்று பெருமூச்சு விட்டது. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு ஒரு பத்தி. அதில் ஆடுவார்கள், நாக்கை நீட்டுவார்கள், நம்ம ஆள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். நியூசிலாந்தின் வடக்கே ‘பே ஆஃப் ஐலண்ட்ஸ்’ தீவுகளை நண்பர்களோடு சுற்றிவந்து எழுதுகிறவையும் இந்த அச்சில் வார்த்தவைதான். பார்க்கிறவனுக்கு மட்டுமே வாய் இருக்கிற எழுத்து இது.

அந்தக் கடற்கரையை ஒரு பிரதியாக வாசித்தால் வேறு கதை வரும். பெயர்களிலிருந்தே தொடங்கலாம். ‘தீவுகளின் குடா’ என்பது 1769இல் கேப்டன் குக் வைத்த பெயர். 1772இல் பிரெஞ்சுக் கப்பல் தலைவன் மரியோன் து ஃப்ரெஸ்ன் தன் ஆட்களோடு கொல்லப்பட்ட இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘படுகொலைக் குடா’ என்று பெயர். அதற்குப் பழிவாங்க பிரெஞ்சுக்காரர்கள் சுமார் 250 மாவோரிகளைக் கொன்றார்கள். அந்தச் சாவுகளுக்கு வரைபடத்தில் எந்தக் குடாவும் இல்லை. யார் செத்தால் படுகொலை, யார் செத்தால் கணக்கு? சேரிகள் எரிந்தபோதெல்லாம் ‘இரு பிரிவினர் மோதல்’ என்று செய்தி படித்த நமக்கு இந்த இலக்கணம் புதிதல்ல.

அடுத்த பிரதி வைத்தாங்கி ஒப்பந்தம், 1840 பிப்ரவரி 6. பாதிரியார் ஹென்றி வில்லியம்ஸ் மகனோடு சேர்ந்து ஒரே இரவில் மாவோரியில் பெயர்த்தார். ஆங்கிலத்தில் மாவோரிகள் இறையாண்மையையே கொடுத்துவிடுகிறார்கள். மாவோரியில் கொடுப்பது ‘காவானதாங்கா’ என்கிற ஆட்சிப் பொறுப்பு மட்டும். ‘ரங்கதிராதாங்கா’ என்கிற தலைமை உரிமை அவர்களிடமே இருக்கிறது. பெரும்பாலோர் கையொப்பமிட்டது மாவோரிப் பிரதியில். ஆண்டதோ ஆங்கிலப் பிரதி. கையெழுத்திட்ட ஹோனே ஹேகே, கோரோராரேகா மலையில் பறந்த பிரிட்டிஷ் கொடிக்கம்பம் நான்கு முறை வெட்டிச் சாய்க்கக் காரணமானார் (1844–45). நல்ல விமர்சகர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். அன்று கையொப்பமிட்ட தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று வைத்தாங்கி தீர்ப்பாயம் சொல்ல 2014 ஆனது.

நண்பர்கள் நாலு பேரோடு அந்தத் தீவுகளைச் சுற்றியபோது பேச்செல்லாம் ‘தமிழ் மணி’யைப் பற்றித்தான். 1836 வாக்கில் வாங்காரே பக்கம் மிஷனரி கோலென்ஸோ கண்ட உடைந்த வெண்கல மணி அது. தமிழ் எழுத்துள்ள கப்பல் மணி. மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். “பாத்தியா, குக்குக்கு முன்னாடியே நம்மாளு வந்துட்டான்” என்றார் ஒரு நண்பர். சோழர் கொடி அங்கேயே ஏறிவிட்டது. மணியில் இருப்பது ஒரு தமிழ் முஸ்லிமின் பெயர் என்றதும் உற்சாகம் கொஞ்சம் இறங்கியது. இன்னொருவன் மண்ணில் ‘நான்தான் முதலில் வந்தேன்’ என்று கொண்டாடுவது குக்கின் ஆசைதானே? அந்தப் பெண்களுக்கு வேண்டியிருந்தது சட்டி. அந்த வாசிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

உறவு தேடுவதென்றால் வேறு இடத்தில் தேடலாம். 1971இல் ஆக்லாந்தில் பசிபிக் தீவு இளைஞர்களும் மாவோரி இளைஞர்களும் ‘பாலினேசியன் பேந்தர்ஸ்’ தொடங்கினார்கள். 1972இல் பம்பாயில் ‘தலித் பேந்தர்ஸ்’. இருவருக்கும் பெயர் வந்தது அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து. இதனால் மாவோரியும் தலித்தும் ஒன்று என்று உருகவும் வேண்டாம். பழைய மாவோரிச் சமூகத்திலும் தலைவர் குடி உண்டு, போரில் பிடிபட்ட அடிமைகள் உண்டு. பூர்வகுடி என்பதாலேயே கேள்வி நின்றுவிடாது.

பயணிகளின் எழுத்துக்கு எதிரே வைக்க வேண்டிய நூல் பேட்ரிஷியா கிரேஸின் ‘போட்டிகி’ நாவல் (1986). கடற்கரையில் ஒரு மாவோரிக் குடி. உல்லாச விடுதி கட்ட நிலம் கேட்டு வருகிறான் ஒருவன். அவனுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘டாலர்மேன்’. வேலை தருவேன், வசதி தருவேன் என்கிறான். இவர்கள் மறுக்கிறார்கள். இடுகாட்டில் வெள்ளம் பாய்கிறது, மூதாதையர் உருவங்கள் செதுக்கிய வீடு எரிகிறது, ஒரு பிள்ளை சாகிறான். எரிந்த வீட்டை மறுபடி கட்டுகிறார்கள். வைத்தாங்கியில் 1940இல் திறந்த செதுக்கு வீட்டைப் பார்க்கிற பயணிக்கு அது வேலைப்பாடு. நாவலில் அது சொந்தபந்தம்.

இந்த நாவலின் அரசியல் அதன் மொழியிலும் இருக்கிறது. மாவோரிச் சொற்களுக்கு கிரேஸ் அருஞ்சொற்பொருள் தரவில்லை. கடைசிப் பகுதி முழுக்க மாவோரியில், மொழிபெயர்ப்பே இல்லாமல் முடிகிறது. தெரியாதவர் வெளியே நிற்கட்டும், தெரிந்துகொள்ள வேண்டுமானால் உழைக்கட்டும் என்கிற நிமிர்வு அது. சேரிப் பேச்சில் ஒரு வரி எழுதினால் ‘இது இலக்கியமா, கொச்சையா?’ என்று கேட்டவர்கள் நம் ஊரிலும் உண்டு; அவர்களுக்காக அடிக்குறிப்புப் போட்டவர்கள் நம்மிலும் உண்டு. அந்தப் பழக்கத்தை விடவேண்டும்.

பயணம் போக வேண்டாமென்று சொல்லவில்லை. நமக்கும் கடல் பார்க்க ஆசைதான். ஊர்த் தெருவில் நடக்கவே விடாத நாட்டில் நாம் ஊர் சுற்றுவதே ஓர் உரிமைக் காரியம். ஆனால் எழுதும்போது படகுக்காரர் சொன்ன பெயரோடு அங்கே குடியிருக்கிறவர் சொல்கிற பெயரையும் கேட்டு எழுதுங்கள். நிலம் யார் கையில் இருந்தது, எப்படிப் போனது, எவ்வளவு திரும்பியது என்று கேளுங்கள். நம் தெருவுக்குப் படம் எடுக்க வருகிறவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.