தலை சாய்க்கும் அக்கா

சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது காதுதான் கண். போடிப் பக்கமிருந்து ஜீப்பில் காய் எடுக்க வந்திருந்த அக்கா ஒருத்தி சட்டென்று கையை நிறுத்தினார். எங்கோ கிளை ஒடிந்த சத்தம். தலையை லேசாகச் சாய்த்தார், திருப்பினார். "ஆனை மேட்டுல நிக்குது தம்பி. வாங்க, கீழ போயிருவோம்."

சத்தம் வந்த திசை எப்படித் தெரிகிறது? வலப்பக்கத்துச் சத்தம் இடக்காதை எட்ட, மிஞ்சிப்போனால் நொடியின் 10,000 பங்கில் ஆறேழு பங்குதான் தாமதம். அதையும் மூளைத்தண்டு அளந்துவிடுகிறது. கீச்சொலி என்றால் தலையே குறுக்கே நின்று மறுகாதுக்குப் போகும் சத்தத்தைக் குறைக்கும். இவ்விரண்டையும் சேர்த்து 1907இல் விளக்கியவர் ராலே பிரபு. மேலா, கீழா என்று காட்டிக்கொடுப்பவை காதுமடலின் மடிப்புகள். கம்மல் போடும் இடமாக மட்டுமே அதைப் பார்த்துவிட்டோம்!

நேர் முன்னாலா, நேர் பின்னாலா என்பதில்தான் திணறல். இரு காதுக்கும் சத்தம் ஒன்றாகவே வந்து சேரும். தலை கொஞ்சம் திரும்பினால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். அக்காவின் அந்தச் சின்ன அசைவு அவ்வளவு அழகு.

நாங்கள் பாதி இறக்கம் வந்திருப்போம். மேட்டில் மறுபடி ஒரு கிளை ஒடிந்தது.