கண்ணாடிச் சில்லும் நாவலின் கணக்கும்

1917 டிசம்பர் 6ஆம் தேதி காலை, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 'மோன் பிளாங்' என்ற பிரெஞ்சுக் கப்பல், 'ஈமோ' என்ற நார்வேக் கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்தது போருக்கான வெடிமருந்து. ஊரில் அநேகருக்கு அது தெரியாது. வேடிக்கை பார்க்க ஜன்னலண்டை வந்து நின்றார்கள். சுமார் 20 நிமிஷத்தில் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் செத்தார்கள். சுமார் 9,000 பேருக்குக் காயம். இவர்களில் கண்ணில் அடிபட்டவர்கள் மட்டும் சுமார் 5,900. ஜன்னல் கண்ணாடி செய்த வேலை. பார்த்ததற்குத் தண்டனை.

இந்த வெடிப்பை வைத்து ஹ்யூ மக்லென்னன் எழுதிய நாவல் 'பரோமீட்டர் ரைஸிங்' (1941). வெடித்தபோது அவர் அதே ஊரில் பத்து வயதுப் பையன். ஆகவே, அனுபவமில்லாமல் எழுதியவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. என் புகார் வேறு.

நான் பாங்க் குமாஸ்தா. சாயங்காலம் வரவும் செலவும் நேராகாமல் நாற்காலியை விட்டு எழ முடியாத உத்தியோகம். இந்த நாவலில் எல்லாம் நேராகிவிடுகிறது, அதுதான் உறுத்துகிறது. நாயகன் நீல் மீது பழி சுமத்திய கர்னல் வெடிப்பில் சாகிறார். நீலுக்கும் பெனலொப்பிக்கும் பிறந்த குழந்தையை வளர்த்துவரும் தம்பதியும் சாகிறார்கள்; குழந்தை பெற்றவர்களிடம் வந்து சேர்கிறது. போதாததற்கு, பழைய காலனி அழிந்து புதிய கனடா பிறப்பதற்குக் குறியீடாகவும் வெடிப்பு உழைக்கிறது. ஓர் ஊரின் காயம் ஆசிரியரின் முடிச்சுகளை அவிழ்க்கிற கூலியாளாகிவிட்டது.

ஓரிடத்தில் மட்டும் நாவல் தன் திட்டத்தை மறக்கிறது. பெனலொப்பியின் கண்ணில் கண்ணாடிச் சில்லு. போரில் காயம்பட்ட டாக்டர் மர்ரே அறுவை செய்கிறார். அந்தப் பக்கங்களில் எனக்குக் கனடா ஞாபகம் வரவில்லை. ஒரு கண்தான் தெரிந்தது. மக்லென்னன் கலைஞராக இருப்பது அங்கேதான்.

நம் புதுக்கவிதைக்காரர்களுக்கும் வெடிப்பு, ரத்தம், விடியல் எல்லாம் கைக்கு எட்டிய சரக்கு. நானும் விலக்கல்ல. எரிந்துபோன ஒரு தெருவைப் பற்றி எழுதிய கவிதையின் கடைசி வரியில் விடியலை வைத்தேன். இப்போது அதைப் படிக்கக் கூசுகிறது.

ஹாலிஃபாக்ஸில் பார்வையை அடியோடு இழந்தவர்கள் 41 பேர். எந்தக் குறியீட்டின் பேரில் அவர்களை வரவு வைப்பது?