துடைத்தெடுத்த நெல்லை

திருநெல்வேலிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எடுக்கும் படங்கள் பத்து ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது எவ்வளவோ மேல். அடிவானம் சாய்வதில்லை, கோபுரக் கலசம் வெட்டுப்படுவதில்லை, நடுப்பகல் வெயிலில் யாரும் எடுப்பதுமில்லை. ஆனால் அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று உறுத்தும். ஊரில் ஆளே இல்லை. விடியற்காலை ரத வீதி, வெறும் படித்துறை, பனியில் வயல், பின்னால் பொதிகை. டவுனில் ஒருநாள் நடந்தவருக்கும் இது எந்த ஊர் என்று கேட்கத் தோன்றும்.

படம் எடுக்கச் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் கழித்தல் பாடங்களாக இருப்பதே இதற்குக் காரணம். பின்னணியைச் சுத்தமாக்கு, மின்கம்பியை ஒதுக்கு, ஒரே பொருளை மட்டும் நிறுத்து, சுற்றிலும் வெற்றிடம் விடு. இந்தப் பாடங்களின் தலைப்பிள்ளை மூன்றில் ஒரு பங்கு விதி. 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இதை எழுதிவைத்தபோது அவர் பேசியது நாட்டுப்புற நிலக்காட்சியைப் பற்றி. வானத்துக்கு எவ்வளவு, மண்ணுக்கு எவ்வளவு என்பதே அங்கே கேள்வி. நகரத் தெரு அவர் கணக்கிலேயே இல்லை.

ஆகவே நிலக்காட்சியில் அந்த விதி பிழைப்பதில் வியப்பில்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலோரம் நின்று மலையை மேல் மூன்றில் ஒரு பங்கில் வைத்துப் பாருங்கள், நெல்லும் நீரும் தாமாகவே கீழே அடங்கிவிடும். சுலோச்சன முதலியார் பாலத்துக்கும் அது பொருந்தும். 1843இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் வளைவுகளைக் கொக்கிரகுளம் கரையில் தாழ்வாக இறங்கி நின்று பார்த்தால், கண்ணை இழுத்துப்போகும் கோடு எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாகக் கேமரா பிடிக்கிறவருக்கு இந்த ஒழுங்கு தேவை. எதைச் சேர்ப்பது என்று தெரியாதவர் எதை விடுவது என்றாவது கற்றுக்கொள்ளட்டும்.

சிக்கல் டவுனுக்குள் நுழைந்ததும் தொடங்குகிறது. வாகையடி முக்கில் நின்று பின்னணியைச் சுத்தமாக்க முயல்கிறவர் கடைசியில் வானத்தைத்தான் எடுப்பார். அங்கே ஒரு பொருள் தனியாக நிற்பதில்லை. பூக்கூடைக்குப் பின்னால் பாத்திரக்கடை, அதற்குப் பின்னால் மினிபஸ், அதற்கும் மேலே கோபுரம். எல்லாம் ஒன்றையொன்று மறைத்தும் காட்டியும் நிற்பதுதான் அந்த முக்கு. இப்படிப்பட்ட நெரிசலுக்கு விடை கண்டவர் ரகுபீர் சிங். இந்திய நகரங்களை வண்ணத்தில் எடுத்த அவர் கூட்டத்தை விலக்கவில்லை. தூண், கதவு, கண்ணாடி, அம்பாசடர் காரின் ஜன்னல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டு ஃபிரேமைப் பல அறைகளாகப் பிரித்து, அறைக்கு ஒரு காரியம் நடக்கவிட்டார். பார்க்கிறவர் கண் ஒரு இடத்தில் தங்காது, ஆனால் தொலைந்தும் போகாது. கழித்தலைவிட இது பல மடங்கு கடினம். நல்ல இடமாகப் பார்த்து நின்று, ஒவ்வொரு அறையும் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். ரீல்ஸ் போடும் அவசரக்காரருக்கு இது ஒத்துவராது.

ஆனித் தேரோட்டத்தில் இந்த வேறுபாடு அப்பட்டமாகத் தெரியும். மொட்டை மாடியிலிருந்தும் ட்ரோனிலிருந்தும் எடுத்த படத்தில் தேர் நடுவில், சுற்றிலும் தலைக்கடல். அளவு புரிகிறது, அழகாகவும் இருக்கிறது. இழுப்பு மட்டும் காணாமல் போய்விடுகிறது. நெல்லையப்பர் தேர் இன்றும் மனிதக் கைகளால் வடம் பிடித்து இழுக்கப்படுவது. அதன் பாரம் தெரியவேண்டுமானால் கேமரா இடுப்பளவுக்கு இறங்க வேண்டும். முறுக்கேறிய வடம் ஒரு மூலையிலிருந்து உள்ளே போக, தேர் திரும்பும் முக்கில் தடி போடுகிறவர்களின் தோள்கள் தெரிய, தேரின் உச்சி வெட்டுப்பட்டாலும் போகட்டும். முழுத்தேர் காலண்டரில் இருக்கிறது.

கோயிலுக்குள் இப்போது கைபேசிக்கு வழியில்லை. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டிய சங்கிலி மண்டபத்தின் தூண்வரிசையைப் படமெடுக்க முடியவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்குப் பெரிய வருத்தமில்லை. தூண்கள் ஒரு புள்ளியில் போய் மறையும் படம் ராமேசுவரத்தில் போதுமான அளவு எடுத்தாகிவிட்டது.

இருட்டுக்கடை வேறு வகைச் சோதனை. பெயர்ப்பலகையை நம்பாமல், மங்கிய பல்பு வெளிச்சத்தில் சாயங்கால வியாபாரம் செய்து பேர் வாங்கிய அல்வாக்கடை அது. இன்றைய கைபேசியின் இரவு நேர வசதி பல ஃபிரேம்களை ஒன்றாக அடுக்கி அந்த இருட்டைப் பகலாக்கிவிடுகிறது. தட்டும் தராசும் பளிச்சென்று தெரியும். கடை எப்படியிருந்தது என்பது மட்டும் படத்தில் இராது. வெளிச்ச அளவைக் கையால் குறைத்து, கையும் அல்வாவும் தெரிந்தால் போதும் என்று மற்றதை இருட்டுக்கே விட்டுவிடுவதுதான் சரி. கழித்தல் இங்கே ஊருக்கு உண்மையாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே கோணத்தில் எல்லோரும் எடுப்பதைக் கேலி செய்வது விமர்சகர்களின் வழக்கம். குறுக்குத்துறை முருகன் கோயில் விஷயத்தில் நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் அந்தக் கோயிலை வெள்ளம் சூழும்போதெல்லாம் கரையில் நின்று எடுத்த படங்கள் வெளிவரும். எடுக்கிறவர்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்பதால் அந்தப் படங்கள் நீர்மட்ட அளவுகோலாகவே ஆகிவிட்டன. 2023 டிசம்பர் வெள்ளத்தில், 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கோயில் மண்டபத்தை வைத்துத்தான் கணக்குச் சொன்னார்கள். எடுக்கப்படுவது மாறிக்கொண்டிருக்கும்வரை கோணம் மாறாதிருப்பது பலம். பொதிகைச் சூரியாஸ்தமனத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

வெள்ளம் வடிந்த ஆற்றை எடுப்பதில் நேர்மையின் கேள்வியும் வருகிறது. தாமிரபரணியில் சாக்கடை கலப்பது நீதிமன்றம்வரை போன வழக்கு. ஆகாயத்தாமரையும் துணிக்குவியலும் ஓரத்தில் வெட்டப்பட்ட படத்தைப் பார்த்து நம்பி வருகிறவர் படித்துறையில் இறங்கியதும் முகம் சுளிக்கிறார். மறுபக்கம், குளிக்கிற பெண்களை நெடுந்தொலைவு லென்ஸில் பிடித்து ‘ஊர் வாழ்க்கை’ என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஃபிரேமைத் திருத்தச் சொல்ல ஒன்றுமில்லை, கேமராவைக் கீழே போடச் சொல்லலாம்.

மிச்சம் ஒரு நடைமுறைச் சிக்கல். கைபேசித் திரை நெட்டுக்குத்தானது. கோபுரத்துக்கும் தேருக்கும் அது ஏற்றது, சுமார் 128 கிலோமீட்டர் கிடையாக ஓடும் ஆற்றுக்கு ஏற்றதல்ல. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை எடுக்கவேண்டியிருந்தபோது அவருடைய காகித நெகட்டிவ் ஒன்றில் அது அடங்கவில்லை. சுவரோடு நகர்ந்து 21 நெகட்டிவ்களாக எடுத்து, 19 அடிக்கும் மேல் நீளமுள்ள ஒரே படமாக ஒட்டினார். நெல்லை ஆற்றுக்கும் அதுவே வழி. குறுக்குத்துறையில் தொடங்கிக் கரையோடு நடந்து, கொக்கிரகுளம் வழியாக வண்ணாரப்பேட்டைவரை, படித்துறைக்கு ஒன்றாக, கண்மட்டத்தை மாற்றாமல் எடுத்து அடுக்கலாம். குளியல், துவையல், சாக்கடை வாய், பாலத்து வளைவு எல்லாம் இருக்கும் இடத்திலேயே இருக்கும். தனிப்படமாகப் பார்த்தால் அவற்றில் பாதி தேறாது.