வளைந்த முதுகுக்கு ஒரு ரப்பர் பட்டை

முதுகு வலிக்கு நல்லது என்று சொல்லி விற்கும் வீட்டு உடற்பயிற்சிச் சாதனங்களில் விலை குறைந்த நான்கை வாங்கினேன். தட்டையான ரப்பர் பட்டை, உட்கார்ந்தபடியே மிதிக்கும் சின்ன பெடல், ஸ்பிரிங் வைத்த டம்மி டிரிம்மர், மேலே ஏறி நின்று இடுப்பைத் திருப்பும் ட்விஸ்டர் தட்டு. திருவையாற்றுப் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு நான்கும் போயின. ஸ்கேனில் அவருடைய டி-ஸ்கோர் மைனஸ் 2.5க்கும் கீழே. அதாவது ஆஸ்டியோபோரோசிஸ், எலும்புப்புரை. மேல்முதுகு நன்றாகவே கூன் விழுந்திருக்கிறது. பட்டையும் பெடலும் பயன்படுத்தலாம் என்று அவருடைய பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகே அவரிடம் கொடுத்தேன். மற்ற இரண்டையும் நான் மட்டும் செய்து பார்த்தேன்.

“காலமெல்லாம் வயல்ல கெடந்த ஒடம்புக்கு எக்சசைஸ் எதுக்கு தம்பி?” என்றார் பெரியம்மா. டெல்டாவில் இந்தக் கேள்வி கேட்காத வீடே இல்லை. குறுவை, சம்பா, தாளடி என்று நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் களைக்கும் போனவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே நின்றார்கள். உழைப்புதான், சந்தேகமில்லை. ஆனால் முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகளுக்கு அது பயிற்சி ஆகாது. அதோடு, மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாக மெலியத் தொடங்குகிறது. பல ஊர்களில் நடவு இயந்திரம் வந்த பிறகு அந்த உழைப்பும் நின்றுபோனது.

முதலில் டம்மி டிரிம்மர். விலை சுமார் முந்நூறு ரூபாய். காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் மாட்டி, முன்னால் குனிந்து பிடித்துப் பின்னால் இழுக்க வேண்டும். எலும்புப்புரை உள்ளவர் செய்யவே கூடாத அசைவு இது. குனியும்போது முதுகெலும்புக் கட்டைகளின் முன்பக்கத்தில் பாரம் அதிகமாக இறங்குகிறது. மெலிந்த எலும்பு அந்த இடத்தில்தான் நசுங்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சினாகி, மிக்கெல்சன் இருவரும் 59 பெண்களைக் கவனித்து 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாருக்கும் மாதவிடாய் நின்ற பிறகு வந்த எலும்புப்புரை. முதுகை நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிவு வந்தது. குனியும் பயிற்சி செய்தவர்களில் அது 89 சதவீதம். ஒன்றுமே செய்யாதவர்களில் 67. சின்ன ஆய்வுதான். ஆனாலும், தவறான பயிற்சியைச் செய்தவர்களைவிடச் சும்மா இருந்தவர்கள் அதிகம் தப்பித்திருக்கிறார்கள் என்பதைப் படித்த பிறகு அந்த டிரிம்மரை யார் வீட்டிலும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம் போல முழுக்கக் குனியும் ஆசனங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ட்விஸ்டர் தட்டும் வேண்டாம். முதுகெலும்பை முறுக்குகிறது. வழவழப்பான டைல்ஸ் தரையில் கால் வைத்ததுமே தட்டு நகர்ந்தது. விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

பெடல் கெடுதல் செய்யாது. முழங்கால் இறுக்கம் தளர்கிறது, காலில் ரத்த ஓட்டம் கூடுகிறது. ஆனால் உட்கார்ந்து மிதிக்கையில் உடம்பின் எடை எலும்பில் ஏறுவதில்லை. எலும்புக்காக ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது ரப்பர் பட்டை. ஒன்றரை மீட்டர் நீளம், உள்ளங்கை அகலம், பவுடர் பூசி மடித்து வருகிறது. முந்நூறிலிருந்து அறுநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். தெராபேண்ட் நிறுவனத்தின் பட்டைகளில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று நிறம் மாற மாற இழுவை கூடும். மற்ற நிறுவனங்கள் வேறு வரிசை வைத்திருப்பதால் நிறத்தை நம்பி வாங்கக் கூடாது. பையை நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டி இரு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் ஒன்றேகால் கிலோ அளவிலும், பச்சை இரண்டு கிலோ அளவிலும் காட்டின. பெரியம்மாவுக்கு மஞ்சளே போதுமாக இருந்தது.

ஜன்னல் கம்பியில் கட்டினால் துரு ரப்பரைக் கிழிக்கும். திண்ணைத் தூணில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றி, அதன்மேல் நெஞ்சு உயரத்தில் பட்டையைக் கட்டினோம். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரில் முட்டவைத்து, பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து இரு முனைகளையும் பிடித்தார். முழங்கைகள் விலாவை உரசிக்கொண்டு பின்னால் போக வேண்டும், தோள்பட்டை எலும்புகள் இரண்டும் நெருங்க வேண்டும். முதல் இழுப்பில் அவர் தோள் காதுவரை ஏறிவிட்டது. “தோளக் கீழ எறக்குங்க பெரியம்மா” என்று சொல்லச் சொல்லத்தான் முறை படிந்தது. மூச்சை அடக்காமல் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். பட்டையைப் படக்கென்று விட்டால் பயன் பாதிதான்.

குறைகளும் உண்டு. பட்டை மெலிதாக இருப்பதால் உள்ளங்கையை அறுக்கிறது. விரல் மூட்டு வலி உள்ளவர்கள் கைப்பிடி வைத்ததாக வாங்கலாம், அல்லது முனையில் துணி சுற்றிக்கொள்ளலாம். சித்திரை வெயில் படும் இடத்தில் கிடந்த பட்டை பிசுபிசுத்து, ஓரத்தில் கீறல் விட்டது. நிழலில் பவுடர் போட்டு வையுங்கள், ஒவ்வொரு முறையும் ஓரங்களைப் பாருங்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாத பட்டை கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பட்டை எலும்பின் அடர்த்தியைக் கூட்டிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 2018இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வில் அடர்த்தி கூடியது உண்மை. அது பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கவனிக்க, கனமான எடை தூக்கிய பெண்களிடம் கிடைத்த பலன். வீட்டில் தனியாக முயலக் கூடாதது. பட்டையின் வேலை முதுகுத் தசையை வலுப்படுத்தி நிமிர்ந்து நிற்க வைப்பது. காசு செலவில்லாத மூன்றையும் இதோடு சேர்க்க வேண்டும்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, தினமும் நடப்பது. குடத்தைத் தூக்கும்போதும் முதுகை வளைக்காமல் இடுப்பையும் முழங்காலையும் மடக்க வேண்டும்.

திடீரென்று முதுகில் கடும் வலி வந்தாலோ உயரம் குறைந்திருந்தாலோ பட்டையைத் தொடாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள். எலும்பு நசுங்கியிருக்கலாம். 2021 ஆகஸ்ட் 5இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருகிறவரிடம் இந்தப் பட்டையைக் காட்டி, முதல் இழுப்பை அவர் கண்ணெதிரே செய்யுங்கள்.