வென்றால் திறமை, வீழ்ந்தால் விதி!

குதிரை முந்தி வந்தால் பந்தயக்காரன் மார் தட்டுகிறான். "குலம் பார்த்தேன், கால் பார்த்தேன், களம் பார்த்தேன், கணக்குப் போட்டேன், வென்றேன்!" என்று முழங்குகிறான். அதே குதிரை முன்கால் முறிந்து மண்ணில் சாய்ந்தால், அதே வாய் வேறு பாட்டுப் பாடுகிறது. "என்ன செய்வது? மழை கெடுத்தது, மண் கெடுத்தது, அதன் தலையெழுத்து அப்படி!" என்கிறது.

வெற்றிக்குக் காரணம் அறிவு. சாவுக்குக் காரணம் விதி! இத்தகைய இரட்டை நாக்கு நமக்குப் புதிதன்று. பிணி தீர்ந்தால் பூசாரியின் ஆற்றல், தீராவிட்டால் நோயாளியின் பழவினை என்று சொல்லும் வாணிபத்தை அடையாளம் காணக் கற்றவர்கள் நாம். அதே வாணிபம், பூணூலையும் உடுக்கையையும் களைந்து, கோட்டும் தொப்பியும் அணிந்து, கடல் கடந்த நாடொன்றில் கோலோச்சுவதைக் காணலாம், வாருங்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே ஆர்க்கேடியா என்னும் ஊர். அங்கே சாண்டா அனிட்டா என்னும் குதிரைப் பந்தயத் திடல், 1934-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்டது. பின்னே மலைத்தொடர், முன்னே பூஞ்சோலை, நடுவே பொன்னிற மண் பாதை. எழில் மிக்க இடம். அந்த எழில் மிகு திடலில்தான், 2018 டிசம்பர் 26-இல் தொடங்கி 2019 ஜூன் 23-இல் முடிந்த ஒரே பந்தயப் பருவத்தில், 30 குதிரைகள் மாண்டன.

அந்தக் குளிர்காலத்தில் கலிபோர்னியாவில் கடும் மழை. பிப்ரவரி 23-ஆம் நாள், புகழ் பெற்ற பெரும் பந்தயமொன்றில் 2017-இல் வாகை சூடிய ‘பாட்டில் ஆஃப் மிட்வே’ என்ற குதிரை, பயிற்சி ஓட்டத்திலேயே கால் முறிந்து மடிந்தது. திடலை ஓரிரு நாள் மூடினர், மண்ணைச் சோதித்தனர், "மண் நன்று" என்றனர், திறந்தனர். மார்ச் 5-க்குள் சாவு 21-ஐ எட்டியது. மறுபடி மூடினர். மார்ச் 29-இல் மீண்டும் திறந்தனர். 31-ஆம் நாளே இன்னொரு குதிரை வீழ்ந்தது!

மண்ணின் மீது பழி போடுகிறார்களே, அந்த மண்தான் என்ன என்று முதலில் அறிவோம். அறியாமல் கண்டிப்பது பகுத்தறிவன்று.

பந்தயப் பாதை வயல்வரப்பு அன்று. அடியில் இறுகிய தளம்; அதன் மேல் சில அங்குல கனத்துக்கு மணலும் வண்டலும் களியும் அளவோடு கலந்த மெத்தை. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள உயிர், மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் பாயும்போது, ஒரு கணம் அதன் முழு வேகமும் ஒற்றைக் குளம்பின் மீது இறங்குகிறது. குளம்பு சற்றே வழுக்கி, சற்றே அழுந்தி, பிறகு ஊன்ற வேண்டும். மண் இறுகியிருந்தால் அதிர்ச்சி எலும்பில் ஏறும்; தளர்ந்திருந்தால் தசை சோரும்; ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் தளர்ந்தும் இருந்தால், அதைவிடத் தீங்கு பிறிதில்லை. ஈரத்தின் அளவு மாறினால் மண்ணின் குணமே மாறிவிடுகிறது.

மழை வருமென்று தெரிந்தால், உருளை கொண்டு பாதையை அழுத்தி மூடுகின்றனர். நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடட்டும் என்பதற்காக. மழை விட்டதும் பரம்பும் பல்லும் கொண்டு கிளறி மறுபடி திறக்கின்றனர். மூடுவதும் திறப்பதுமாக நாள்கள் கழிய, நுண்ணிய வண்டலும் களியும் நீரோடு அடித்துச் செல்லப்படுகின்றன. நேற்றைய பாதை வேறு, இன்றைய பாதை வேறு என்றாகிறது. ஆகவே மண்ணுக்குப் பங்கில்லை என்று நாம் கூறவில்லை. பங்கு எவ்வளவு என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு அளவுகோல் கொண்டு விடை தேடினார்கள். கலிபோர்னியாக் குதிரைப் பந்தய வாரியம் 2020 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, 2018 டிசம்பர் 30 முதல் 2019 மார்ச் 31 வரை மாண்ட 23 குதிரைகளைப் பற்றியது. ஒவ்வொரு பிணமும் அறுத்துப் பார்க்கப்பட்டது. தடை செய்யப்பட்ட மருந்து தரப்பட்டதற்குச் சான்று இல்லை என்றது அறிக்கை. ஈரத்தால் பாதிக்கப்பட்ட தளத்தில் நேர்ந்த சாவுகள் நூற்றுக்கு 39 என்றது. அப்படியானால் எஞ்சிய 61 பங்கு? அங்கே மழை மேல் பழி போட முடியாதே!

அடுத்த எண்தான் நெஞ்சைத் தைக்கிறது. 23 குதிரைகளில் 21-க்கு, உயிர் போக்கிய முறிவு நேர்ந்த அதே இடத்தில், முன்னரே நோய்க்கூறு இருந்திருக்கிறது!

எலும்பு உயிருள்ள பொருள். மிகுந்த உழைப்பால் அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ஓய்வு கொடுத்தால் எலும்பே அவற்றை ஆற்றிக்கொள்ளும். ஓய்வு தராமல் ஓட்டினால் கீறல் விரிசலாகும், விரிசல் முறிவாகும். எனவே அந்தக் குதிரைகள் திடீரென்று சாகவில்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தன. திடலில் விழுந்த நாளில் ஊருக்குத் தெரிந்தது, அவ்வளவே! உள்ளே விரிசல், வெளியே விளம்பரம்.

ஓய்வு ஏன் கொடுக்கவில்லை? பயிற்சியாளர் எல்லோரும் கல்நெஞ்சரா? அல்லர். குதிரையைக் குழந்தைபோல் பேணுவோரும் அவர்களில் உண்டு. பந்தயத்தில் குதிரையை இறக்கச் சொல்லித் திடல் அலுவலகம் தங்களை நெருக்கியதாகச் சில பயிற்சியாளர்கள் கூறியதையும் அறிக்கை பதிந்துள்ளது. மண்ணை அளந்தவர்கள், எலும்பை அறுத்துப் பார்த்தவர்கள், இந்த இடத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும். ஏனெனில் பாதையின் அடித்தளம் மண்ணன்று, பணம்.

பணம் எப்படி வருகிறது? பந்தயம் கட்டுவோர் அனைவரின் தொகையும் ஒரே குவியலாகச் சேர்கிறது. கலிபோர்னியாவில் எளிய பந்தயங்களில் நூற்றுக்கு 15-க்கு மேலும், சிக்கலான பந்தயங்களில் 22-க்கு மேலும் முதலிலேயே கழித்துக்கொண்டு, எஞ்சியதை வென்றவர்க்குப் பங்கிடுகின்றனர். கழித்த தொகையிலிருந்து அரசுக்கு ஒரு பங்கு, திடலுக்கு ஒரு பங்கு, குதிரைகளின் பரிசுக்கு ஒரு பங்கு. எனவே, கட்டும் பணம் குறைந்தால் பரிசு குறையும். பரிசு குறைந்தால் நல்ல குதிரைகள் வேறு மாநிலம் போகும். குதிரை குறைந்தால் கட்டும் பணம் மேலும் குறையும். நான்கைந்து குதிரைகள் மட்டும் ஓடினால் கட்டுவதற்கு ஆள் வரமாட்டான். பத்து ஓடினால் வருவான். ஆகவே எப்பாடு பட்டேனும் பட்டியலை நிரப்பு! மழையா, நாளை ஓட்டு! நொண்டலா, கட்டுப் போட்டு ஓட்டு! இதுவே அந்தத் தொழிலின் எழுதாத சட்டம்.

"அப்படியானால் பணமுடைதானே காரணம்? வேறு வழியில் பணம் வந்தால் தீராதா?" என்று கேட்பர் சிலர். அதற்கு விடை நியூயார்க்கில் இருக்கிறது.

அந்நகரின் அக்விடக்ட் திடலில் 2011 அக்டோபரில் சூதாட்ட இயந்திரக் கூடம் திறக்கப்பட்டது. அதன் வருவாயில் ஒரு பகுதி குதிரைப் பந்தயப் பரிசுக்குச் சென்றது. பரிசு வீங்கியது. குதிரைகள் வாழ்ந்தனவா? 2011 நவம்பர் 30 முதல் 2012 மார்ச் 18 வரையிலான பந்தயங்களில் 21 குதிரைகள் மாண்டன! மாநில ஆளுநர் அமைத்த குழு 2012 செப்டம்பரில் அறிக்கை தந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றைக் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கும் என்றது அது. ஓடும் குதிரைக்கு முன்னரே ஒரு விலை குறித்து, அந்த விலைக்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்னும் மலிவுப் பந்தயங்கள் அங்கு உண்டு. அவற்றில் குதிரையின் விலையைவிடப் பரிசு பல மடங்காக உயர்ந்தது. விளைவு? குதிரை போனாலும் போகட்டும், பரிசு வந்தால் போதும் என்னும் கணக்குப் பிறந்தது. உயிர், சீட்டாட்டத்துச் சீட்டாயிற்று!

கலிபோர்னியாவில் பணம் குறைந்ததால் நெருக்கினர். நியூயார்க்கில் பணம் பெருகியதால் துணிந்தனர். எனவே குறை பணத்தின் அளவில் இல்லை. பணம் எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஓடினால்தான் காசு, ஓய்ந்தால் நட்டம் என்று கணக்கு இருக்கும் வரை, தங்கத்தால் தளம் அமைத்தாலும் கால் முறியத்தான் செய்யும்.

தளத்தை மாற்றிப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். கலிபோர்னியா வாரியம் 2006-இல் ஆணையிட, சாண்டா அனிட்டா 2007-இல் மண்ணை அகற்றிவிட்டு, மணலோடு இழையும் மெழுகும் கலந்த செயற்கைத் தளம் அமைத்தது. வடிகால் பழுதாகி 2008 ஜனவரியில் பந்தய நாள்கள் பல பாழாயின. பந்தயம் கட்டுவோர் முணுமுணுத்தனர். பயிற்சியாளர்களில் ஒரு சாரார் வேறு வகைக் காயங்கள் மிகுகின்றன என்றனர். 2010 டிசம்பரில் பழைய மண்ணே திரும்பியது. ஆனால் அமெரிக்க ஜாக்கி கிளப் தொகுக்கும் கணக்கு என்ன சொல்கிறது? 2019-இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு மண் தளத்தில் 1.60 சாவு, செயற்கைத் தளத்தில் 0.93. பழுதான வடிகாலைச் செப்பனிட்டிருக்கலாம். கண்டுபிடித்த பயனையே கைவிட்டனர். கலிபோர்னியாவில் செயற்கைத் தளத்தோடு எஞ்சியிருந்த கோல்டன் கேட் ஃபீல்ட்ஸ் திடலும் 2024 ஜூனில் மூடப்பட்டது.

இனி, அந்த ஆண்டின் கடைசிக் காட்சி. 2019 நவம்பர் 2. அதே சாண்டா அனிட்டா. மழை இல்லை. உலகெங்குமிருந்து வந்த பார்வையாளர். பரிசு 60 இலட்சம் டாலர். மருத்துவர்கள் முன்கூட்டியே பலமுறை பார்த்த குதிரைகள். அந்தப் பெரும் பந்தயத்தில் ‘மங்கோலியன் குரூம்’ என்ற குதிரை பின்கால் முறிந்து வீழ்ந்தது. அதை முன்னரே விலக்கிவைக்கும் வாய்ப்புகள் தவறவிடப்பட்டன என்று பின்னர் வந்த ஆய்வு கூறியது. மழையே, உன்மேல் இனி எப்படிப் பழி போடுவார்கள்? விதியே, உன் முகமூடி எங்கே?

விதியென்று ஒன்று இருந்தால், அது சட்டம் கண்டு அஞ்சாது. ஆனால் குதிரைச் சாவு அஞ்சியது! 2009-இல் அமெரிக்காவில் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 என்றிருந்த சாவு விகிதம், கணக்கெடுக்கத் தொடங்கியபின் படிப்படியாக இறங்கியது. 2020 டிசம்பரில் நாடு தழுவிய பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாகி, 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் அந்தச் சட்ட அமைப்பின் கீழ் வந்த திடல்களில் விகிதம் 0.90, கீழ் வராத திடல்களில் 1.76. ஒரே இனக் குதிரை. ஒரே வகை ஓட்டம். ஏறத்தாழ இரு மடங்கு சாவு! ஆண்டவன் எழுதிய எழுத்தை அரசாங்க ஆணை இப்படிப் பாதியாக அழிக்குமோ? மனிதன் எழுதியதை மனிதன் திருத்துகிறான்; அவ்வளவே.

"தொழிலை இப்படித் தாக்கினால், அதை நம்பி வாழும் எளியவர் வயிறு என்னாவது?" என்று உருகுவோர் உண்டு. திடலின் பின்புறக் கொட்டடிகளில் தங்கி, விடியுமுன் எழுந்து சாணம் அள்ளிக் குதிரை தேய்க்கும் தொழிலாளரில் பெரும்பாலோர் தென்புலத்து நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். உண்மை. ஆனால் திடல் மூடிய நாள்களில் முதலில் பட்டினியை எண்ணி நடுங்கியவர்களும் அவர்களே. குதிரை விழும்போது உடன் விழுபவர் சவாரி செய்யும் ஜாக்கி. மாடத்தில் அமர்ந்த முதலாளி அல்லர். பாதுகாப்பு கேட்பது தொழிலாளிக்குப் பகையன்று; அவன் பக்கம் நிற்பது.

நம் நாட்டுக்கும் இந்த வழக்கு அயலன்று. 1974-இல் கலைஞர் தலைமையிலான அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. ஏழைக் குடும்பத்தின் அடுப்பை அணைக்கும் சூது அது என்பதே நம் வாதம். 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையால் அமைவது, சூதாட்டம் அன்று எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருக்கட்டும். அதே சொல்லை எடுத்து, இங்கும் எங்கும் பந்தயம் நடத்துவோரிடம் ஒரு கேள்வி கேட்போம். திறமை என்று சொல்லித்தானே பந்தயம் விற்கிறீர்கள்? எலும்பின் விரிசலை அறிவதும் திறமை; ஈரத்தை அளப்பதும் திறமை; ஓட்டாதே என்று நிறுத்துவதும் திறமை. வெல்லும்போது மட்டும் திறமை, வீழும்போது விதி என்றால், அந்தத் திறமைக்குப் பெயர் ஏமாற்று!

தோழர்களே! எந்தத் தொழிலாயினும், எந்த நாடாயினும், "எங்கள் கையில் இல்லை" என்று ஒருவன் சொல்லும்போது, அவன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே பணப்பை இருக்கும்.