நிலவறையிற் பிறந்த யந்திரம்

ஆக்கம் என்பது தனிமனிதர் ஒருவரின் உள்ளத்தில் திடீரெனத் தோன்றும் மின்னல் என்னும் நம்பிக்கை இலக்கிய உலகில் மட்டுமன்றித் தொழில் உலகிலும் வேரூன்றியிருக்கின்றது. புதிய யந்திரம் ஒன்று வெளிவந்ததும் அதற்கு ஒரு 'தந்தை'யைத் தேடுகின்றோம். ஆனால் இன்றைய தொழிற்கூடத்திற் சிக்கல்கள் தீரும் முறையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறோர் உண்மை புலனாகும். பலர் கூடிச் சிந்திக்கும்பொழுது பிறக்கும் ஆற்றல் அவருள் எவரது தனிச்சொத்துமன்று. இவ்வுண்மையைக் கண்முன் நிறுத்தும் நூல்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ட்ரேசி கிடர் 1981இல் வெளியிட்ட 'ஒரு புதிய யந்திரத்தின் ஆன்மா'. 1982இல் புலிற்சர் பரிசு பெற்ற இந்நூலைக் குழுப்பணியின் வெற்றிக்கதையாகவே பலரும் போற்றுவர். அதனை ஒரு சமுதாய ஆவணமாகவும் வாசித்தல் நமது கடனாகும்.

களம், மசாசுசெற்ஸ் மாநிலத்தின் வெஸ்ற்பரோ நகரில் அந்நாளில் இயங்கிய டேற்றா ஜெனரல் என்னும் கணினிக் கம்பனி. போட்டிக் கம்பனியொன்று 1977இல் 32 பிற் கணினியைச் சந்தைக்குக் கொணர்ந்துவிட்டது. டேற்றா ஜெனரலிடம் இருந்தவையோ 16 பிற் யந்திரங்களே. புதிய யந்திரத்தை ஆக்கும் பொறுப்பு வட கரோலினாவிலிருந்த மற்றொரு குழுவுக்கு அளிக்கப்பட்டிருந்தது. வெஸ்ற்பரோவின் நிலவறையில், ரொம் வெஸ்ற் என்பவரின் தலைமையில், பல்கலைக்கழகத்தை விட்டு அப்பொழுதுதான் வெளியேறிய இளைஞர் பலரைக் கொண்ட ஒரு சிறு குழு, 1978க்கும் 1980க்கும் இடையே அவ்வேலையை முந்திச் செய்துமுடித்தது. இதுவே கதை.

அவர்கள் எதிர்கொண்ட முதற் சிக்கல் கவனிக்கத்தக்கது. புதிய யந்திரம் பழைய யந்திரத்தின் செய்நிரல்களையும் இயக்கவேண்டும். பழமைக்கு ஒரு நிலை, புதுமைக்கு ஒரு நிலை என யந்திரத்தை மாற்றிக்கொள்வது எளிய வழி. அது கூடாதென்பது மேலிடத்து நிபந்தனை. வடிவமைப்பாளர் ஸ்ரீவ் வாலக் இந்நிபந்தனையை முதலில் வெறுத்தார். எனினும் அந்த நெருக்கடிக்குள் நின்றே, நினைவகத்தை எட்டு வட்டாரங்களாகப் பகுத்து, வட்டாரத்தின் எண்ணே பாதுகாப்பின் படிநிலையையும் குறிக்குமாறு எளியதோர் அமைப்பைக் கண்டார். ஆனால் கண்டவர் ஒருவரென்பதால் ஆக்கமும் ஒருவருடையதாகிவிடாது. அவர் வகுத்தவற்றை வன்பொருளை அமைப்போரும் நுண்கட்டளை எழுதுவோரும் வாதாடியே ஏற்றனர். தாளில் இருந்தது யந்திரமாக மாறியது இந்த வாதங்களினூடாகவே.

பிழை தேடும் படலம் நூலின் மிகச் சிறந்த பகுதியாகும். பகலிற் பணிசெய்தோர் தாம் கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க, இரவில் வருவோர் அவ்விடத்திலிருந்து தொடர்கின்றனர். பிழை இவர் அமைத்த பலகையிலா, அவர் அமைத்த பலகையிலா என்ற ஐயம் மாறிமாறி எழுகின்றது. முடிவில், இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத ஒரு சின்னஞ்சிறு தர்க்கப் படலையே காரணமென்று தெரிகின்றது. தன் பகுதியை மட்டும் அறிந்தவர் எவரும் தனித்து நின்று இதனைக் கண்டிருத்தல் அரிது. பிறர் பகுதியைத் தம்முடையதுபோல எண்ணிப் பார்த்தமையே அவர்களுக்கு வழிகாட்டிற்று. மாணவரைக் குழுவாக அமர்த்தி வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தவுடன் கூட்டுழைப்பு நிகழ்ந்துவிட்டதாகக் கருதும் நம்போன்ற ஆசிரியர் இப்பகுதியைப் படித்தல் நன்று. பங்கிடுதல் வேறு; கூடிச் சிந்தித்தல் வேறு.

இவ்வாற்றல் எவ்வாறு திரட்டப்பட்டது என்ற கேள்வியிலேதான் நூலாசிரியருடன் நாம் முரண்படுகின்றோம். வேலையிற் சேரும் இளைஞர் குடும்பத்தையும் பொழுதுபோக்கையும் மறந்து உழைக்கத் தாமே இசைந்தவராக ஆக்கப்படுகின்றனர். மேலதிக நேரத்துக்கு ஊதியமில்லை. யந்திரத்தைப்போலத் தொழிற்படும் செய்நிரலொன்று தேவைப்பட்டபோது, இளைஞர் இருவரைப் போட்டியில் இறக்கி அதனைப் பெறுகின்றனர் மேற்பார்வையாளர். வெற்றியின் பரிசு யாது? குண்டுருட்டும் யந்திர விளையாட்டில் வென்றவனுக்கு இன்னோர் ஆட்டம் கிடைப்பதுபோல, இவர்களுக்கும் அடுத்த யந்திரத்தை ஆக்கும் வாய்ப்பே பரிசு. கிடர் இவை எவற்றையும் மறைக்கவில்லை. ஆனால் இவற்றை வெஸ்ற் என்னும் விந்தைமனிதரின் தலைமைத் திறனாகக் கண்டு வியக்கின்றார். ஓயாத வேகத்தால் நொந்த இளம் பொறியியலாளர் ஒருவர் வேலையை உதறிவிட்டு வெர்மொன்ற் மாநிலத்துக்குச் செல்வதும் நூலில் வருகின்றது. அது ஒரு தனிமனிதரின் சோர்வாக மட்டும் காட்டப்படுகின்றது. அம்முறையின் மீதான தீர்ப்பாகக் காட்டப்படவில்லை.

நூலின் உருவமும் இதற்குத் துணைபோகின்றது. கூட்டாக நிகழ்ந்ததைச் சொல்லவந்த ஆசிரியர், ஒவ்வொருவரின் இளமைக்காலத்தையும் இயல்பையும் தனித்தனியே விரித்து வீரர் வரிசையொன்றைச் சமைக்கின்றார். குழுவின் அன்றாடத் தேவைகளைச் சுமந்த பெண் செயலாளருக்கு அவர் இடமளித்திருப்பது பாராட்டுக்குரியது. கைவேலை செய்த தொழில்நுட்ப உதவியாளரோ கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர்.

1980 ஏப்ரலில் நியூயோர்க்கில் யந்திரம் அறிமுகமாகின்றது. அதனை இனிப் பேசுவோரும் விற்போரும் வேறு மனிதர். நூறு பேர் கூடி உழைக்கும்பொழுது, நூறு தனியாட்களின் உழைப்புக்கே விலை கொடுக்கப்படுகின்றது. அவர்கள் கூடியமையாற் பிறந்த சக்திக்கு விலையில்லை. 1867இல் வெளிவந்த 'மூலதன'த்திற் கூட்டுழைப்புப் பற்றி மார்க்ஸ் காட்டிய இவ்வுண்மைக்கு, அவரை மேற்கோளாகக் கொள்ளாத இந்த அமெரிக்க நூலே சான்று பகர்கின்றது. அவ்விளைஞர் வறியவரல்லர்; வற்புறுத்தப்பட்டவருமல்லர். ஆயினும் எதை ஆக்குவது, எவருக்காக ஆக்குவது, எவ்வளவு விரைவில் ஆக்குவது என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இருக்கவில்லை.

கிடரின் கண் அவரது கருத்தைவிடக் கூர்மையானது. அதனாலேயே இந்நூல் நிலைத்து நிற்கின்றது. கூடி ஆக்குவதில் மனிதர் அடையும் பேருவகை மெய்யானது என்பதை அதன் பக்கங்கள் ஐயமற நிறுவுகின்றன. அவ்வுவகையே அவர்களைச் சுரண்டும் கருவியாகாதிருக்க வேண்டுமெனின், சிக்கலைத் தீர்க்கும் உரிமையோடு சிக்கலைத் தெரிவுசெய்யும் உரிமையும் உழைப்போரைச் சேரவேண்டும். குழுப்பணியின் மேன்மை பேசும் எவரிடமும் நாம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.